ஈரோட்டிலிருந்து கோவாவுக்கு மூன்று வழி: எதில் போவது, எந்தப் பொழுதில் போவது

என்னிடம் வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டிலிருந்து கோவா. டிசம்பர் கடைசி வாரம், அரையாண்டு விடுமுறை. ஒரு எர்டிகா, ஆறு பேர். அதில் எழுபது வயது அம்மிச்சி (அம்மாவின் அம்மா) ஒருவர், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். மேப்பில் போட்டால் மூன்று வழி காட்டுகிறது, மூன்றும் ஏறக்குறைய ஒரே தூரம். எது நல்ல வழி?

நான் பவானிப் பக்கத்துக்காரன். இருபது வருடத்துக்கு மேல் லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்தவன். எந்த லோடை எந்த வழியில் அனுப்பினால் எப்போது போய்ச் சேரும் என்பதுதான் தினமும் வேலை. அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மூன்று வழிகள். ஒன்று, சேலம், தர்மபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூருவைச் சுற்றிக்கொண்டு தும்கூர், சித்ரதுர்கா, தாவணகெரே, ஹுப்பள்ளி. அங்கிருந்து மேற்கே திரும்பி எல்லாப்பூர், அங்கோலா, கார்வார், கோவா. சுமார் 900 கிலோமீட்டர். இரண்டாவது, சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜ்நகர், மைசூரு, ஹாசன், சக்லேஷ்பூர், மங்களூருப் பக்கம் இறங்கி உடுப்பி, கார்வார். சுமார் 850. மூன்றாவது, கோயம்புத்தூர், பாலக்காடு, கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு, மங்களூரு என்று கடலை ஒட்டியே போவது. இதுவும் 850, 860-க்குள் அடங்கிவிடும்.

தூரத்தை மட்டும் பார்த்தால் பெங்களூரு வழிதான் அதிகம். ஆனால் என் ஆபீஸ் கணக்கு வேறு. நாலுவழிச் சாலையில் டீ, பாத்ரூம், டோல்கேட் எல்லாம் சேர்த்து மணிக்கு 65, 70 கிலோமீட்டர் என்று வைப்பேன். இருவழிச் சாலைக்கு 45. மலைப்பாதைக்கு 25, 30-க்கு மேல் வைக்கவே மாட்டேன். இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெங்களூரு வழியில் ஈரோட்டிலிருந்து ஹுப்பள்ளி வரை சுமார் 670 கிலோமீட்டரும் பெரிய ரோடு. மீதிதான் காடும் மலையும். மொத்தம் பதினாறு மணி நேரத்துக்குள் முடியும். மைசூரு வழியில் திம்பம் ஒரு மலை, சக்லேஷ்பூர் தாண்டி ஷிராடி இன்னொரு மலை. பத்தொன்பது மணி நேரம் ஆகும். கடற்கரை வழியில் மலையே இல்லை, ஆனாலும் இருபது மணி நேரம் வைக்க வேண்டும். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மேப் காட்டும் நேரத்தையும் இதே போல உடைத்துப் பாருங்கள். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் ஒன்றும் தெரியாது. ஊர் ஊராக உடைத்துப் போட்டு வகுங்கள். ஒரு துண்டில் மணிக்கு 40-க்குக் கீழே வந்தால் அங்கே மலையோ, வேலை நடக்கும் ரோடோ, நெரிசலான டவுனோ இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துண்டைத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். மற்றதெல்லாம் தானாக ஓடும்.

எங்கள் பெரியப்பா ஒருவர் சங்ககிரியிலிருந்து முப்பது வருடம் பாம்பே லைன் ஓட்டினவர். நான் ஆபீஸில் சேர்ந்த புதிதில், ஒரு லோடை எந்த வழியில் அனுப்பலாம் என்று அவரிடம் கேட்டேன். வழியைச் சொல்லவில்லை. "எத்தன மணிக்கு வண்டி ஏத்துறீங்க?" என்று கேட்டார். சாயங்காலம் ஏழு என்றேன். "ஏழுன்னா ஒரு வழி, விடியக்காலம் நாலுன்னா வேற வழி கண்ணு. மேடு பள்ளத்தப் பகல்ல வெச்சுக்கோணும், நேர் ரோட்ட ராத்திரிக்கு வெச்சுக்கோணும்" என்றார். அன்றைக்கு அவர் ஏதோ கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு நூற்றுக்கணக்கான நடைகளை அனுப்பி, எது எங்கே மாட்டிக்கொண்டது என்று போனில் கேட்டுக் கேட்டுத்தான் புரிந்தது. வழியையும் கிளம்பும் நேரத்தையும் தனித்தனியாக முடிவு செய்யவே முடியாது. அந்த வழியில் மோசமான இடம் எது, அங்கே நாம் எத்தனை மணிக்குப் போய் நிற்போம் என்பதுதான் கேள்வியே.

இதை வைத்து உங்கள் மூன்று வழிகளையும் பார்ப்போம்.

திம்பம் வழி நம் ஈரோட்டுக்காரர்களுக்குச் சொந்த வீட்டுத் திண்ணை மாதிரி. பண்ணாரி செக்போஸ்ட் தாண்டினால் 27 கொண்டை ஊசி வளைவு. ஏறி முடித்தால் குளிர், ஆசனூர், காடு. புலிகள் காப்பகம் என்பதால் 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபடி இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வண்டி விடுவதில்லை. பெரிய லாரிகளுக்கு இன்னும் கட்டுப்பாடு அதிகம். அதனால் விடியற்காலை நாலு மணிக்கு ஈரோட்டில் கிளம்பினாலும் பண்ணாரியில் நின்றுதான் ஆக வேண்டும். ஆறு மணிக்குக் கேட் திறக்கும்போது முன்னால் நிற்கும் வண்டிகள் அத்தனையும் ஒன்றாக ஏறும். டிசம்பரில் மேலே பனி வேறு. முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு மட்டும் சிவப்பாகத் தெரியும், வளைவு தெரியாது. வளைவில் ஒரு லாரி மூச்சு வாங்கி நின்றுவிட்டால், கிளீனர் இறங்கி ஓடிப்போய்ப் பின் சக்கரத்துக்குக் கட்டை போடுவதைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்க வேண்டியதுதான். ஆசனூர்ப் பக்கம் காரப்பள்ளத்தில் யானைகள் கரும்பு லாரிக்காகக் காத்து நிற்பதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அது கதை இல்லை. லாரியை நிறுத்திக் கட்டோடு உருவிக்கொள்ளும். பின்னால் வரும் காரில் இருப்பவர்கள் ஹாரன் அடிக்காமல், இறங்கிப் போட்டோ எடுக்காமல், கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னேனே தவிர, எனக்குப் பிடித்த வழி அதுதான். ஆனால் போகும்போது அந்த வழி வேண்டாம். காரணம் கணக்குத்தான். காலை ஆறரைக்குத் திம்பம் ஏற ஆரம்பித்தால் மைசூருக்குப் பத்தரை, பதினொன்று. ஹாசனில் மத்தியானச் சாப்பாடு இரண்டு மணிக்கு. ஷிராடியில் இறங்கும்போது நாலு, ஐந்து ஆகிவிடும். சமவெளிக்கு வரும்போது இருட்டிவிடும். மங்களூருப் பக்கம் வந்து படுத்தாலும் மறுநாள் கார்வார் வரை இன்னும் ஒரு முழு ஓட்டம் மிச்சம். முதல் நாளே இரண்டு மலை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை திம்பம் ஏழாவது வளைவிலேயே வாந்தி எடுக்கும், அம்மிச்சிக்கு இடுப்பு பிடிக்கும். சுற்றுலா என்று கிளம்பியவர்களை முதல் நாளே தண்டித்த மாதிரி ஆகும்.

ஈரோட்டுக்காரர்கள் சிலர் அந்தியூர், பர்கூர் வழியாகக் கொள்ளேகால் போய் மைசூரு பிடிக்கலாமே என்பார்கள். அழகான ரோடு. செம்மண் நிறத்தில் வெள்ளைத் திட்டு போட்ட பர்கூர் மாடுகள் ரோட்டோரத்தில் நிற்கும். அதைப் பார்க்கவே போகலாம். ஆனால் ரோடு குறுகல், பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது, வண்டி நின்றால் உதவிக்கு ஆள் வர நேரமாகும். தனியாக இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வர அது நல்ல ரோடு. ஆறு பேரோடு தொலைதூரம் கிளம்பும் நாளில் வேண்டாம்.

கடற்கரை வழி பற்றி. மேப்பில் பார்த்தால் நேராக, சமமாக, பக்கத்தில் கடலோடு இருக்கும். நேரம் ஆவதற்கு இரண்டு காரணம். கேரளத்தில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே வெறும் ரோடு என்று ஒன்று கிடையாது. வீடும் கடையும் விடாமல் வந்துகொண்டே இருக்கும். நம் ஊர் வேகத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. அடுத்தது, அந்த 66-ஆம் நம்பர் நெடுஞ்சாலையை ஆறுவழியாக்கும் வேலை. வேலை முடிந்த துண்டில் பறக்கலாம். முடியாத துண்டில் சர்வீஸ் ரோட்டில் இறக்கிவிட்டு ஊரைச் சுற்ற வைப்பார்கள். 2025 மே மாதம் மலப்புறம் மாவட்டம் கூரியாட்டில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த துண்டே சரிந்து விழுந்தது. ஈரோட்டில் அதிகாலை கிளம்பினால் காசர்கோடு தொடும்போது சாயங்காலம் ஆறாகிவிடும். அதற்குப் பிறகு இருட்டில் டைவர்ஷன் போர்டு தேடிக்கொண்டு ஓட்ட வேண்டும். பெரியப்பா சொன்னதற்கு நேர் எதிர்.

அந்தக் கரையோர ரோட்டில் மழைக்காலத்துக்குத் தனிக் கணக்கு. 2024 ஜூலை 16-ஆம் தேதி அங்கோலாவுக்குப் பக்கத்தில் ஷிரூரில் மலை சரிந்து ரோட்டோரத்து டீக்கடையோடு எல்லாவற்றையும் கங்காவளி ஆற்றில் தள்ளியது. நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்களும் அதில் போனார்கள். தமிழ்நாட்டு டேங்கர் டிரைவர்களும் இறந்தவர்களில் உண்டு. அடுத்த மாதமே கார்வாரில் காளி ஆற்றுப் பழைய பாலம் நள்ளிரவில் உடைந்து ஒரு லாரி ஆற்றில் விழுந்தது. அதை ஓட்டியவரும் நம் மாநிலத்துக்காரர், வண்டி மேல் ஏறி உட்கார்ந்து உயிர் தப்பினார். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் குடும்பத்தோடு போகிறேன் என்று யார் கேட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நீங்கள் போவது டிசம்பர், மழை ஓய்ந்திருக்கும். பயம் வேண்டாம்.

அப்புறம் மிஞ்சுவது பெங்களூரு வழி. இதைத்தான் நான் போகும் வழியாகச் சொல்கிறேன். பார்க்க ஒன்றும் இல்லாத, சலிப்பான நாலுவழி ரோடு. அந்தச் சலிப்புதான் எனக்கு வேண்டியது. முதல் நாள் எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது ரோடும் சும்மா இருக்கட்டும்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். நாலுக்கு வேண்டாம், மூன்றுக்கு வேண்டவே வேண்டாம். இரவு இரண்டிலிருந்து விடியும்வரை உடம்பு தூங்கத்தான் பார்க்கும். பத்து வருடம் பழகின டிரைவருக்கே கண் சொக்கும் நேரம் அது. "ராவோட ராவா ஓட்டிட்டா ரோடு காலியா இருக்கும்" என்று சொல்லும் மச்சான் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவரைப் பின் சீட்டில் உட்கார வையுங்கள்.

சேலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவே இருப்பது தொப்பூர் கணவாய். ஈரோட்டிலிருந்து அங்கே போக இரண்டு வழி இருக்கிறது. பவானி, அம்மாபேட்டை, மேட்டூர், மேச்சேரி என்று குறுக்கே போகலாம். சேலத்தைத் தொட வேண்டாம், தூரமும் சற்றுக் குறைவு. அல்லது லட்சுமி நகர் போய்ப் பெரிய ரோடு பிடித்து சங்ககிரி, சேலம் பைபாஸ், ஓமலூர். மேப் சில நாள் முதல் வழியைக் காட்டும். விடியற்காலையில் எடுக்காதீர்கள். அது ஊர்களுக்கு நடுவே போகும் ரோடு. பால் கேனோடு சைக்கிளில் வருபவர், தோட்டத்துக்கு நடந்து போகும் பெண்கள், விளக்கில்லாத டிராக்டர், திடீர் திடீரென்று வேகத்தடை. மத்தியானம் என்றால் அதே ரோட்டை நானே எடுப்பேன், காவிரி பக்கத்திலேயே வரும். ஒரே ரோடுதான், மணி மாறினால் பதில் மாறுகிறது.

தொப்பூர் பெயரைக் கேட்டாலே பயப்படுகிறார்கள். போகும்போது உங்களுக்கு அது ஏற்றம். எதிர்ப்பக்கம் தனி ரோட்டில் இறங்குகிறது. விபத்துகள் பெரும்பாலும் தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் பக்கம்தான். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குவார்கள். பாதி இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காது. என்றைக்காவது அந்தப் பக்கமாகத் திரும்பி வந்தால் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே இறங்குங்கள். லோடு லாரிக்கு முன்னால் போய் வேகத்தைக் குறைக்காதீர்கள், அது உங்களைக் கடந்து போகட்டும்.

தர்மபுரியில் டிபன். ஒன்பது மணிவாக்கில் ஓசூர். இங்கேதான் போகும் வழியின் ஒரே முள். ஓசூரும் அத்திப்பள்ளியும் காலையில் கம்பெனி பஸ்களால் நிரம்பி இருக்கும். பெங்களூரு ஊருக்குள் தப்பித் தவறியும் போகாதீர்கள். எலக்ட்ரானிக் சிட்டி பக்கத்தில் நைஸ் ரோடு பிடித்தால் நகரத்தைச் சுற்றிக்கொண்டு நேராகத் தும்கூர் ரோட்டில் விட்டுவிடும், 40 கிலோமீட்டர் சொச்சம். அந்த டோல் தனிக் கணக்கு, அதிகம்தான். ஆனால் அந்தக் காசைக் கொடுக்காமல் ஊருக்குள் போனவர் அதே காசுக்குப் பெட்ரோலைச் சிக்னலில் எரித்திருப்பார், பொறுமையும் போயிருக்கும்.

இரண்டு, இரண்டரைக்குச் சித்ரதுர்கா. சுமார் 460 கிலோமீட்டர் வந்திருப்பீர்கள். "இன்னும் பொழுது இருக்கே, ஹுப்பள்ளி போயிடலாமே" என்று தோன்றும். போகலாம், இன்னும் 200 கிலோமீட்டர். ஆனால் நிற்பதுதான் நல்லது. சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டு நாலு மணிக்குக் கோட்டைக்குப் போங்கள். ஏழு சுற்றுக் கோட்டை. ஹைதர் அலியின் ஆட்கள் ஒரு சின்னச் சந்து வழியாக ஒவ்வொருவராக நுழைய, காவல்காரன் மனைவி ஓபவ்வா உலக்கையால் ஒவ்வொருவராக அடித்துப் போட்டாள் என்று கதை சொல்வார்கள். அந்தச் சந்து இன்னும் இருக்கிறது. காரில் ஒன்பது மணி நேரம் அடைந்து கிடந்த பிள்ளைக்கு அந்த உலக்கைக் கதையும் பாறை மேல் ஓட்டமும் வேண்டும். அம்மிச்சி மேலே ஏற வேண்டாம், கீழேயே நிழல் இருக்கிறது.

மறுநாள் ஆறு மணிக்கு மேல் கிளம்பினால் போதும். தாவணகெரேயில் பென்னே தோசை. வெண்ணெயை அள்ளிப் போட்டுச் சுடுவார்கள். அம்மிச்சி நம் ஊர் எருமை வெண்ணெயோடு ஒப்பிட்டு ஏதாவது சொல்வார். பத்துமணிவாக்கில் ஹுப்பள்ளி. அங்கே மேற்கே திரும்பினதும் ரோடு மாறும். கல்கட்டகி, எல்லாப்பூர், பிறகு அரபைல் மலை இறக்கம். இந்த 130 கிலோமீட்டர்தான் போகும் வழியில் யோசிக்க வேண்டிய துண்டு. காடு, வளைவு, எதிரே லோடு லாரி. 2025 ஜனவரி 22-இல், விடியும் முன், காய்கறி லோடோடு போன லாரி ஒன்று எல்லாப்பூர்ப் பக்கம் பள்ளத்தில் கவிழ்ந்து பத்து வியாபாரிகள் இறந்தார்கள். அதே ரோட்டை நீங்கள் பகல் பதினொன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவே, பனி விலகி, வெயிலில், தூங்கி எழுந்த டிரைவரோடு கடக்கிறீர்கள். முதல் நாள் சித்ரதுர்காவில் நிற்கச் சொன்னதே இதற்காகத்தான். ஹுப்பள்ளி வரை ஓடி அலுத்து, அந்த ஆசையில் "இன்னும் கொஞ்சம்தானே" என்று சாயங்காலம் அரபைலில் இறங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இறக்கத்தில் இரண்டாவது கியர். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது லாரிக்காரன் பாடம், காருக்கும் அதுதான். அங்கோலாவில் கடற்கரை ரோட்டைப் பிடித்து வடக்கே திரும்பினால் கார்வார், மாஜாளி எல்லை, கோவா. ஷிரூர் அங்கோலாவுக்குத் தெற்கே விட்டுப்போகும். நாலு மணிக்குக் கோவாவின் மட்காவ் நகரில் டீ குடிக்கலாம். வெளிச்சம் இருக்கும்போதே தங்குமிடத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம், அதுவும் பெரிய விஷயம்.

திரும்பும்போது வேறு வழியில் வாருங்கள். போன வழியிலேயே வந்தால் எல்லோருக்கும் சலிப்பு, ஓட்டுகிறவர்களுக்குத் தூக்கம். கையில் மூன்று நாள் இருந்தால் கடற்கரையிலேயே தெற்கே இறங்கி முருடேஷ்வர் பார்த்துவிட்டு உடுப்பியில் ராத்தங்கல். கர்நாடகக் கரையில் ரோடு நன்றாகவே இருக்கும். இரண்டாம் நாள் காலையில் கிளம்பினால் ஷிராடி மலையை மத்தியானத்துக்கு முன் ஏறிவிடலாம். ஹாசன், மைசூரு, ராத்தங்கல். மூன்றாம் நாள் காலையில் சாம்ராஜ்நகர் தாண்டித் திம்பம். அதற்குள் பனி விலகியிருக்கும். 27 வளைவையும் இறங்கி பண்ணாரியில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஈரோடு வந்துவிடலாம். போகும்போது அரபைல், வரும்போது ஷிராடி, திம்பம் என்று மூன்று மலையும் பகலில், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில். போகும்போது தண்டனையாக இருந்த அதே திம்பம் திரும்பும்போது வீட்டு வாசல் மாதிரி இருக்கும். ஒரு எச்சரிக்கை: டிசம்பருக்குப் பதில் பங்குனியில் போவதாக இருந்தால் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் (தீமிதித் திருவிழா) எந்த நாள் என்று முதலில் பாருங்கள். அந்த நாட்களில் சத்தி ரோட்டில் கார் நகராது.

மேப்பைப் பற்றிக் கொஞ்சம். நான் அதற்கு எதிரி இல்லை; ஆபீஸில் கடைசி சில வருடம் அதை வைத்துத்தான் வண்டி பார்த்தேன். ஆனால் ஒருமுறை மொடக்குறிச்சிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் காரில் போனபோது, மகன் போனில் வழி போட்டுக் கொடுத்தான். அவன் தினமும் ஸ்கூட்டரில் போகிறவன், இருசக்கர வாகனம் என்று வைத்திருந்ததை மாற்றவில்லை. எல்.பி.பி எனும் கீழ்பவானி வாய்க்கால் மேட்டில் ஏற்றிவிட்டது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மஞ்சள் காடு, நடுவில் காரின் அகலத்துக்கு ஒரு சாண் கூடுதலாக ரோடு. எதிரே கரும்பு டிராக்டர். டிராக்டர்காரரால் ரிவர்ஸ் எடுக்க முடியாது. நான்தான் முக்கால் கிலோமீட்டர் ரிவர்ஸ் எடுத்தேன், வீட்டுக்காரம்மா பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து "வாங்க, வாங்க, நில்லுங்க" என்று சொல்லச் சொல்ல. முகூர்த்தம் போய்விட்டது, பந்திக்குத்தான் சேர்ந்தோம். அதனால் வண்டி எடுக்கும் முன் போனில் கார் படம் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும்போது "ஆறு நிமிடம் மிச்சமாகும், வேறு வழி" என்று அது கேட்கும். பெரிய ரோட்டில் விபத்து, முழு அடைப்பு என்றால் ஒழிய வேண்டாம் என்று அழுத்திவிடுங்கள். ஆறு நிமிடத்துக்காகத் தெரியாத ஊரில் சந்துக்குள் நுழையக் கூடாது. வீட்டிலிருந்தே எல்லாப்பூர், திம்பம் பகுதிகளின் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், காட்டுக்குள் சிக்னல் போகும். கிளம்பும் நேரத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. நிறைய பேர் தொடுவதே இல்லை. சந்தேகமான துண்டு இருந்தால் மேப்பின் தெருக்காட்சியில் (ஸ்ட்ரீட் வியூ) போய் ரோட்டைக் கண்ணால் பார்த்துவிடலாம். நடுக்கோடு போட்டிருக்கிறதா, ஓரம் எவ்வளவு அகலம் என்று தெரியும். ஆனால் படம் எடுத்த வருடத்தையும் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. ஃபாஸ்டேக்கில் பணம் போட்டு வையுங்கள். வருடம் முழுக்க ஓடுகிற குடும்பம் என்றால் 2025 ஆகஸ்டில் வந்த வருடப் பாஸைப் பாருங்கள். வந்தபோது 3,000 ரூபாய்க்கு 200 முறை. ஆனால் அது தேசிய நெடுஞ்சாலைக் கேட்டுகளுக்குத்தான், நைஸ் ரோட்டுக்குச் செல்லாது. நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033. காற்றை முதல் நாள் இரவே பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. டயர் சூடான பிறகு பார்த்தால் அளவு தப்பும். மேலே கேரியர் கட்டிச் சாமான் ஏற்றாதீர்கள், வளைவில் வண்டி ஆடும். உறவுக்காரர் வண்டி வெள்ளை போர்டு என்றால் கவலை இல்லை. வாடகை மஞ்சள் போர்டு என்றால் கர்நாடகத்துக்கும் கோவாவுக்கும் பர்மிட், வரி எல்லாம் டிரைவர் கட்டிவிட்டாரா என்று கிளம்பும் முன்பே கேளுங்கள். திரும்பும்போது டிக்கியில் பாட்டில் ஒளித்து வைக்கும் மச்சான்களுக்கும் ஒரு வார்த்தை: மாஜாளியில் திறந்து பார்ப்பார்கள், அம்மிச்சி முன்னால் மானம் போகும்.

ஓட்டுகிற இருவரும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். மலை இறக்கங்களை மட்டும் இருவரில் மலைப் பழக்கம் அதிகம் உள்ளவர் ஓட்டட்டும். அது எந்த மணிக்கு வரும் என்று இப்போது தெரிவதால், அதற்கு முந்தைய துண்டில் அவரைத் தூங்க விடலாம்.

கடைசியாகத் தேதி. 24-ஆம் தேதி சாயங்காலம் பெங்களூரு முழுக்க ஊருக்குக் கிளம்பி ஓசூர்ப் பக்கம் வரும். அத்திப்பள்ளியில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். அது உங்களுக்கு எதிர்ப்பக்கம். 25-ஆம் தேதி காலை ஐந்துக்கு ஈரோட்டில் கிளம்பினால் கம்பெனி பஸ்களும் இருக்காது, ஓசூரைப் பத்தே நிமிடத்தில் தாண்டலாம். திரும்புவதை 31-ஆம் தேதிக்குள் மைசூரு தாண்டுகிற மாதிரி வையுங்கள். மைசூருவில் அறை கிடைக்கவில்லை என்றால் சாம்ராஜ்நகரில் பாருங்கள், திம்பத்துக்கு அது இன்னும் பக்கம்.